பென்சிலில் 7/25: அச்சோவியம் வாங்கத் தொடங்குபவர்களுக்கு

கண்காட்சியில் ஒரு படம் பிடித்துப்போகிறது. விலையும் கைக்கு எட்டுகிற மாதிரிதான் இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால், படத்துக்குக் கீழே வெள்ளை விளிம்பில் இடது ஓரமாகப் பென்சிலால் 7/25 என்று எழுதியிருக்கிறது. வலது ஓரத்தில் கையெழுத்து. "ஓ, பிரிண்டா? அப்போ ஒரிஜினல் இல்லையா?" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். சென்னையில் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும். பாவம், பக்கத்தில் நிற்கும் ஓவியர் எத்தனையாவது முறையாக அதற்குப் பதில் சொல்கிறாரோ.

இந்தச் சந்தேகம் வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அச்சடித்த படம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது காலண்டர்தான். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவருடைய ஓவியங்களைக் கல்லில் படியெடுத்து அச்சடித்து, வாங்க முடியாத வீடுகளுக்கும் லட்சுமியையும் சரஸ்வதியையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்புறம் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, மளிகைக் கடைக் காலண்டராக நம் வீட்டுச் சுவருக்கு வந்தன. எனக்கு அந்தப் படங்கள் மீது பெரிய மரியாதை உண்டு. ஆனால் அங்கே ஒரிஜினல் வேறு, அச்சு வேறு. ஓவியர் வண்ணம் தீட்டி முடித்த படம் ஒன்று எங்கோ இருக்கும். நம்மிடம் வருவது அதன் நகல்.

அச்சோவியத்தில் அப்படி ஒரு முதல் படம் எங்கேயும் கிடையாது. ஓவியர் பலகையிலோ தகட்டிலோ கல்லிலோ நேரடியாக வேலை செய்கிறார். அந்தப் பலகை படம் இல்லை. அதை யாரும் சட்டம் போட்டு மாட்டப்போவதில்லை. அதிலிருந்து தாளுக்கு வருவதுதான் படம். அப்படி இருபத்தைந்து தாள் எடுத்தால் இருபத்தைந்துமே ஒரிஜினல். உங்கள் கையில் இருப்பது அதில் ஏழாவது. 7/25 என்பதற்கு அதுதான் அர்த்தம்.

சரி, அந்த இருபத்தைந்தோடு நிறுத்திவிட்டார் என்று எப்படித் தெரியும்? உண்மையில் தெரியாது. இந்த விஷயத்தில் பெரும்பாலான கட்டுரைகள் வேகமாகக் கடந்துபோகிற இடம் இது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். முதலில் இது எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்துவிடலாம். செய்முறை தெரியாமல் வாங்குகிறவர் விலைச்சீட்டைத்தான் பார்ப்பார்.

எப்படிச் செய்கிறார்கள்

பள்ளிக்கூடத்தில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தோய்த்துத் தாளில் குத்தியிருப்போம். உட்கட், லினோகட் இரண்டும் அடிப்படையில் அதேதான். மேலே எழும்பி நிற்கும் பகுதியில் மை ஒட்டும், குடைந்தெடுத்த பகுதி வெள்ளையாக நிற்கும். உட்கட்டுக்கு மரப்பலகை. லினோகட்டுக்கு லினோலியம், அதாவது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத்தூளும் கலந்து சணல் துணியில் பரப்பிச் செய்த தரைவிரிப்பு. மரத்தைவிட மெத்தென்று இருக்கும். உளி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். அதனால்தான் மாணவர்கள் இதில் தொடங்குகிறார்கள்.

கையில் தடியோடு காந்தி நடந்துபோகும் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரையை வைத்துச் செய்த லினோகட் அது. அடுத்த முறை கண்ணில் படும்போது கோடுகளைக் கவனியுங்கள். காந்தியின் உருவம் முழுக்க வெள்ளைக் கோடு, சுற்றிலும் கறுப்பு. தாளில் பேனாவால் வரைகிறவர் கறுப்பில் கோடு போடுவார். லினோவில் உளி போன இடமெல்லாம் வெள்ளை. உளியால் நாலு இழுப்பு இழுத்த இடத்தில் வேட்டி மடிப்பு வந்துவிடுகிறது. அந்தப் படத்தின் அழகில் பாதி அந்த உளியால் வந்தது.

எட்சிங் இதற்கு நேர் எதிர். இங்கே மை பள்ளத்தில் நிற்கும். துத்தநாகத் தகடோ செப்புத் தகடோ எடுத்து, அதன்மேல் மெழுகு கலந்த பூச்சு ஒன்றைத் தடவி, ஊசியால் கீறி வரைவார்கள். தகட்டை அமிலத்தில் போட்டால், பூச்சு விலகிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அதிக நேரம் கிடந்தால் கோடு ஆழமாகும், அச்சில் கறுப்பாகும். சீக்கிரம் எடுத்தால் மெல்லிய சாம்பல். பூச்சை நீக்கியபின் கெட்டியான மையைத் தகடு முழுக்கத் தேய்ப்பார்கள். பிறகு சொரசொரப்பான வலைத்துணியைப் பந்தாக உருட்டி வட்டவட்டமாகத் துடைப்பார்கள். மேற்பரப்பு மை போய், கோட்டுக்குள் இருக்கும் மை தங்கும். கடைசியாக உள்ளங்கையாலேயே ஒரு துடைப்பு. எந்த இடத்தில் கொஞ்சம் மைப்படலத்தை விட்டுவைக்கலாம், எந்த இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த உள்ளங்கையில்தான் முடிவாகும்.

தாள் முன்னமே தண்ணீரில் ஊறி, ஒற்றித் தயாராக இருக்கும். தகட்டின்மேல் தாள், தாளின்மேல் கம்பளி. இரும்பு உருளைகளுக்கு நடுவே அது போகும்படி பெரிய சக்கரத்தைச் சுற்றுவார்கள். மறுபக்கம் வந்ததும் கம்பளியைப் புரட்டிவிட்டு, தாளை ஒரு மூலையில் பிடித்து மெல்ல உரித்தெடுக்க வேண்டும். எடுத்ததும் எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். அதுவரை யாருக்கும் படம் எப்படி வந்திருக்கிறது என்று தெரியாது. நன்றாக வந்தால் அடுத்த தாளுக்கு மறுபடியும் முதலிலிருந்து மை, துடைப்பு, உள்ளங்கை. ஒரு தாளுக்கு அரை மணி நேரம் ஆவதும் உண்டு. அதனால் 3/25க்கும் 19/25க்கும் இடையே சின்னச்சின்ன வித்தியாசம் இருக்கும். அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். எண் சிறியதாக இருந்தால் மதிப்பு அதிகம் என்பதும் பொதுவாகச் சரியில்லை. ஊசியால் தகட்டை நேரடியாகக் கீறும் டிரைபாயிண்டில் மட்டும், கீறல் ஓரத்துப் பிசிறு ஒவ்வொரு அழுத்தத்திலும் மழுங்கும் என்பதால், முதலில் எடுத்த தாள்களில் கோடு செழுமையாக இருக்கும்.

லித்தோகிராஃப் என்பது கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விஷயத்தை வைத்து ஜெர்மனியில் செனஃபெல்டர் 1790களின் இறுதியில் கண்டுபிடித்தது. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புச் சாந்தால் வரைந்தால், ஈரக் கல்லில் மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். குடைவதும் கிடையாது, கீறுவதும் கிடையாது.

ஸ்கிரீன் பிரிண்டை நான் விளக்கவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். அதே சட்டம், அதே வலை, வலை வழியே மையைத் தாளுக்குத் தள்ளும் அதே ரப்பர் பட்டை. கலைஞர்கள் செய்யும்போது அதற்கு செரிகிராஃப் என்று பெயர். சென்னையில் தாரா புக்ஸ் வெளியிடும் கையச்சுப் புத்தகங்கள் இப்படி ஒவ்வொரு வண்ணமாக ஸ்கிரீனில் அடித்தவை. கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்களைக் கறுப்புத் தாளில் அச்சிட்ட அவர்களுடைய புத்தகம் உலகம் முழுக்கச் சுற்றியது. திருவான்மியூரில் அவர்கள் இடத்துக்குப் போனால் ஒரு தாளைத் தொட்டுப் பார்த்தே மையின் கனத்தை உணரலாம். பழகுவதற்கு நல்ல இடம்.

நம்மூர்த் தொடர்போடு ஒருவரைச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணா ரெட்டி. சித்தூர்ப் பக்கத்துக்காரர், சாந்திநிகேதனில் படித்தவர், 1940களின் இறுதியில் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தவர். பிறகு பாரீஸில் ஹேட்டரின் புகழ்பெற்ற அச்சுப்பட்டறையில் சேர்ந்து, ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒரே அழுத்தத்தில் எடுக்கும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரானார். ஒரு மையில் எண்ணெய் அதிகம், இன்னொன்றில் குறைவு. அதனால் ஒன்றின்மேல் ஒன்று உருட்டினாலும் கலக்காது. தகட்டின் மேடும் பள்ளமும் வேறுவேறு வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். 2018இல் நியூயார்க்கில் மறைந்தார். அவருடைய அச்சோவியம் எதையாவது நேரில் பார்க்க நேர்ந்தால் அவசரப்படாமல் நில்லுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அது. ஆப்செட்டில் அடித்த நகலை அதில் பார்த்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். எட்சிங்கில் கோடு ஒரே கோடாக, தாளிலிருந்து கொஞ்சம் எழும்பித் தெரியும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் இருக்கும். உட்கட்டில் தாளின் பின்பக்கம் அழுத்தம் தெரியும்.

அந்த எண்ணுக்கு யார் பொறுப்பு

இப்போது விட்ட இடத்துக்கு வரலாம். எடிஷன், அதாவது மொத்தம் எடுத்த தாள்கள், இருபத்தைந்து என்று எழுதினால் இருபத்தைந்துதான் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ள எந்த அலுவலகமும் இல்லை. தங்கத்துக்கு ஹால்மார்க் இருக்கிறது. இதற்கு இல்லை. அந்த எண் ஓவியர் கொடுக்கும் வாக்கு, அவ்வளவுதான்.

பழைய காலத்தில் இந்த வாக்கே கிடையாது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தன் எட்சிங் தாள்களில் எண் எதுவும் போடவில்லை. அவர் இறந்தபின் தகடுகள் கைமாறிக் கைமாறி, நூறு ஆண்டு கழித்தும் அவற்றிலிருந்து தாள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பென்சிலில் கையெழுத்துப் போடுவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. எண்ணிடுவது அதற்குப் பிறகு வழக்கமானது. வாக்கு வந்தபின் வாக்கு தவறுவதும் வந்தது. ஸ்பெயின் ஓவியர் சால்வடோர் டாலி ஆயிரக்கணக்கான வெற்றுத்தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள்களில் யார் எதை அச்சடித்தார்கள் என்பதே தெரியாமல்போய், இன்றுவரை டாலியின் அச்சுகள் என்றால் சந்தை சந்தேகத்தோடுதான் பார்க்கிறது.

பொறுப்பான ஓவியர் எடிஷன் முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஆழமாகக் கோடு போட்டுக் கெடுத்துவிடுவார், அல்லது துளை போடுவார். சிலர் அந்தக் கெடுத்த தகட்டிலிருந்தே ஒரு தாள் எடுத்துச் சாட்சிக்கு வைத்துக்கொள்வார்கள். எண்ணுக்குப் பதிலாக ஏ/பி என்று எழுதியிருந்தால் அது ஓவியர் தனக்கென்று வைத்துக்கொண்ட தாள். அவை எடிஷனில் பத்தில் ஒரு பங்கு இருப்பது வழக்கம். இருபத்தைந்து தாள் எடிஷனுக்குப் பத்து, பன்னிரண்டு ஏ/பி இருந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

வாக்கே தேவைப்படாத ஒரு முறையும் உண்டு. ஓவியக் கல்லூரி மாணவர் கண்காட்சி ஒன்றில், ஐந்து வண்ணத்தில் ஒரு மீன் சந்தை லினோகட். செய்த பையன் பக்கத்திலேயே நின்றான்.

"இது எத்தனை பிளாக், தம்பி?"

"ஒரே பிளாக்தான் சார். ரிடக்ஷன்."

முதலில் வெள்ளையாக இருக்க வேண்டியதைக் குடைந்துவிட்டு எல்லாத் தாளிலும் மஞ்சள் அடிக்க வேண்டும். பிறகு அதே பலகையில் மஞ்சளாக நிற்க வேண்டியதைக் குடைந்துவிட்டு ஆரஞ்சு. இப்படியே குடைந்துகொண்டே போனால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் பலகை குறைந்துகொண்டே வரும்.

"அப்போ யாராவது இன்னும் பத்து வேணும்னு கேட்டா?"

"கேட்டாலும் தர முடியாது சார். பிளாக்ல இப்ப கறுப்புக்கு உள்ளது மட்டும்தான் மிச்சம்."

பன்னிரண்டு எடுத்திருந்தான். முதல் வண்ணம் அடிக்கும் முன்பே எத்தனை தாள் என்று முடிவு செய்தாக வேண்டும். நடுவில் இரண்டு தாள் கெட்டால் கெட்டதுதான். இந்த மாதிரி விவரமெல்லாம் படத்துக்குக் கீழே ஒட்டிய சீட்டில் இருக்காது. லினோகட், அளவு, விலை, அவ்வளவுதான் இருக்கும்.

மற்ற எல்லா முறைகளிலும் நாம் நம்புவது ஆளைத்தான். அதனால் ஓவியரோடு பழகுவதை, வாங்கிய பிறகு வேண்டுமானால் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். வாங்குவதே அங்கேதான் தொடங்குகிறது. முன்பின் தெரியாத இணையக் கடையில் பெரிய பெயருள்ளவரின் அச்சு ஒன்றை வாங்குவதைவிட, உங்கள் ஊரில் பட்டறை வைத்திருக்கும், தகட்டை எடுத்துக் காட்டச் சொன்னால் காட்டக்கூடிய ஒருவரிடம் வாங்குவதே தொடக்கக்காரருக்குப் பத்திரம் என்பது என் கட்சி.

எங்கே போய்ப் பார்ப்பது

சென்னையில் இருக்கிறவர்களுக்கு மூன்று இடம் சொல்வேன். முதலாவது, பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கியது; தேவி பிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர் எல்லாம் முதல்வர்களாக இருந்த இடம். அங்கே மாணவர் கண்காட்சி நடக்கும்போது போங்கள். விலை குறைவு, செய்தவர் பக்கத்திலேயே நிற்பார், பேசுவதற்கு ஆசையோடும் இருப்பார். கும்பகோணத்து அரசு கவின் கலைக் கல்லூரியும் புதுச்சேரி பாரதியார் பல்கலைக்கூடமும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு.

இரண்டாவது, கிரீம்ஸ் சாலையில், மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையம். காட்சிக்கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். உள்ளே கிராபிக்ஸ் ஸ்டூடியோ, அதாவது அச்சோவியப் பட்டறை, இருக்கிறது. எட்சிங் பிரஸ் எல்லாராலும் வாங்கி வீட்டில் வைக்கக்கூடிய பொருள் இல்லை. இரும்பு உருளையும் படுகையும் சேர்ந்தால் வீட்டுத் தளமே தாங்குமா என்று யோசிக்க வேண்டும். அதனால் அச்சு வேலை செய்கிற கலைஞர்கள் இப்படிப் பொதுப் பட்டறைகளுக்குத்தான் வருவார்கள். அச்சோவியர்களைத் தேடி ஊரெல்லாம் அலையத் தேவையில்லை. பிரஸ் இருக்கும் இடத்தில் அவர்கள் இருப்பார்கள். தேவகோட்டையில் பிறந்து, கணிதத்தையும் பறத்தலையும் கோடுகளாக்கி அச்சோவியத்தில் பெயர் பெற்ற ஆர்.எம். பழனியப்பன் இந்த மையத்தின் செயலாளராகவும் இருந்தவர். 2018இல் அகாடமி டெல்லியில் அச்சோவியத்துக்கென்றே தனி பினாலே (ஈராண்டுக் கண்காட்சி) ஒன்றையும் நடத்தியது.

மூன்றாவது, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம். 1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து, பாடிக் துணியும் கைவினைப் பொருட்களும் விற்ற பணத்தில் நிலம் வாங்கி உண்டாக்கிய ஓவியர் கிராமம். படத்தை மட்டுமே நம்பிப் பிழைக்க முடியாது என்று தெரிந்து, துணியில் சம்பாதித்துப் படத்துக்குச் செலவு செய்தவர்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தை ஒரு தடவை சுற்றினாலே, இன்று சென்னையில் வரைகிறவர்கள் யாரிடமிருந்து வந்தார்கள் என்பது பிடிபட்டுவிடும்.

காலரிகள் தனி. சரளா, அப்பாராவ், ஃபோரம் என்று சில பெயர்கள் ரொம்ப நாளாக இருக்கின்றன. உள்ளே போகக் கட்டணம் கிடையாது, வாங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஏசி போட்ட கூடம், யாரும் பேசாத அமைதி, விலைப்பட்டியலைக் கேட்கவே ஒரு தயக்கம். அந்தத் தயக்கம் எல்லாருக்கும் உண்டு. திறப்பு நாளில் போங்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள், ஓவியரும் இருப்பார். நாலு பேரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

ஓவியரிடம் என்ன பேசுவது? "இதற்கு என்ன அர்த்தம்?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பாதிப்பேர் அங்கேயே சுருங்கிவிடுவார்கள். "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள், மனிதர் மலர்ந்துவிடுவார். எத்தனை தகடு, அமிலத்தில் எவ்வளவு நேரம், தாள் எங்கே வாங்கியது, அச்செடுத்தது நீங்களா வேறு யாருமா, தகடு இப்போது எங்கே. இந்தக் கேள்விகளில் வாங்குகிறவருக்குத் தேவையானதெல்லாம் வந்துவிடும். குறுக்கு விசாரணை செய்த மாதிரியும் இருக்காது. கல்லூரியில் மூத்த ஆசிரியராக இருந்தவர் என்றால் எல்லாரும் அவரை "மாஸ்டர்" என்பார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடலாம். பட்டறைக்கு வரச் சொன்னால் போன் செய்துவிட்டுப் போங்கள். முடியாத வேலையைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். "என் பெண்ணை ஒரு ஸ்கெட்ச் போட்டுத் தாங்களேன்" என்று சும்மா கேட்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. டாக்டரைக் கல்யாண வீட்டில் மடக்கி மருந்து கேட்பதைவிட மோசம் அது.

முடிந்தால் வார இறுதிப் பயிலரங்கு ஒன்றில் சேர்ந்து ஒரு லினோகட் நீங்களே செய்து பாருங்கள். உளி நழுவி, வேண்டிய கோடு போய், எழுத்து தலைகீழாக வந்து, மை திட்டுத்திட்டாக ஒட்டி ஒரு படம் வரும். அதற்குப் பிறகு பிறர் செய்ததைப் பார்க்கும் கண்ணே வேறு.

வாங்கும்போது

விலையில் பேரம் பேசலாமா? கோயம்பேட்டில் பேசுங்கள். இருபத்தைந்து தாளில் ஒன்றை விலை குறைத்துக் கொடுத்தால், ஏற்கெனவே முழு விலைக்கு வாங்கியவருக்கு ஓவியர் என்ன பதில் சொல்வார்? கையில் பணம் குறைவு என்றால் இரண்டு தவணையில் தரட்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். காலரியில் பார்த்த படத்தை, கமிஷனை மிச்சம் பிடிக்கலாமென்று ஓவியர் வீட்டுக்குப் போய்க் கேட்பது வேண்டாம். காலரி விலையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ எடுத்துக்கொள்வது உண்மைதான். ஆனால் சுவர், விளக்கு, அச்சடித்த கேட்டலாக் எல்லாம் அதில்தான் வருகிறது. ஓவியருக்கும் அந்த உறவு கெடும்.

ரசீது வாங்குங்கள். அதில் ஓவியர் பெயர், படத்தின் தலைப்பு, எந்த முறை, ஆண்டு, அளவு, எடிஷன் எண், ஏ/பி எத்தனை, விலை எல்லாம் இருக்க வேண்டும். படம் உங்களுடையது ஆனாலும் பதிப்புரிமை உங்களுக்கு வராது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது ஓவியருடையது, அவருக்குப் பிறகு 60 ஆண்டுகள் வாரிசுகளுடையது. வாங்கிய படத்தைக் கம்பெனி டைரி அட்டையில் போட வேண்டும் என்றால் தனியாகக் கேட்க வேண்டும்.

ஜிக்லே என்ற சொல்லை இப்போது நிறையக் கேட்பீர்கள். நல்ல நிறமி மையில், நல்ல தாளில், பெரிய இங்க்ஜெட்டில் அடிப்பது அது. கான்வாஸில் வரைந்த ஓவியத்தை ஸ்கேன் செய்து ஜிக்லே எடுத்து, கீழே 1/200 என்று போட்டு விற்கிறார்கள். அது நகல்தான், கையெழுத்துப் போட்ட நகல். பிடித்திருந்தால் வாங்குங்கள், குற்றமில்லை. எட்சிங் விலை மட்டும் கொடுக்காதீர்கள். கணினியிலேயே உருவாக்கிய படமும் ஒளிப்படமும் வேறு கணக்கு. அவற்றுக்குத் தாளில் வரும் பிரிண்ட்தான் படம் என்பதால், எடிஷன் எண்ணுக்கு அங்கே அர்த்தம் இருக்கிறது.

நாளைக்கு விலை ஏறுமா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஏறினவையும் உண்டு, யாரும் சீந்தாதவையும் உண்டு. விற்கத் தோன்றாத படத்தை வாங்கிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

படத்துக்கு முதல் ஆபத்து ஃபிரேம் கடைதான். வழக்கமாக அங்கே என்ன செய்வார்கள் என்றால், வெள்ளை விளிம்பை அழகாக வெட்டி எறிந்துவிட்டு, படத்தை ஃபெவிகாலில் ஹார்டுபோர்டில் ஒட்டி, கண்ணாடியை அதன்மேல் அழுத்திவிடுவார்கள். விளிம்போடு எண், கையெழுத்து, தகட்டுத் தடம் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போய்விடும். அதனால் வாயால் சொன்னால் போதாது, எழுதியே கொடுங்கள். விளிம்பை வெட்டக் கூடாது. ஒட்டக் கூடாது, செல்லோடேப் கூடவே கூடாது. படத்தைச் சுற்றி, கண்ணாடிக்கு அடியில் வைக்கும் அட்டையான மவுண்ட் போர்டு அமிலமில்லாததாக இருக்க வேண்டும். தாளின் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு மெல்லிய காகிதக் கீல்களை மாவுப்பசையில் ஒட்டித் தொங்கவிட வேண்டும். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. மவுண்ட் போர்டின் தடிமனே அந்த இடைவெளியைத் தந்துவிடும். இதெல்லாம் செய்தால் சட்டத்தின் விலை படத்தின் விலையைத் தாண்டுவதும் நடக்கும். மாணவர் லினோகட் வாங்கினால் அநேகமாகத் தாண்டிவிடும். முதல் வருடம் சட்டம் போடாமல் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, மட்டமாகச் சட்டம் போடாதீர்கள்.

வெயில் நேராக விழும் சுவரும், மழைக்கு ஊறும் வெளிச்சுவரும், குளியலறையை ஒட்டிய சுவரும் ஆகாது. கடற்கரை ஊர்களில் சட்டத்தின் பின்பக்க மூலைகளில் தக்கைத் துண்டு நான்கை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். நல்ல பருத்தித் தாள், அது இத்தாலியிலிருந்து வந்ததோ புதுச்சேரி ஆசிரமத்தில் கையால் செய்ததோ, எத்தனையோ காலம் தாங்கும். அதைக் கெடுப்பது ஈரமும் ராமபாணப் பூச்சியும்தான். மாட்டாத படங்களைச் சுருட்டி வைக்காமல், அமிலமில்லாத மெல்லிய தாளை நடுவில் வைத்து, அட்டைக் கோப்பில் படுக்கையாக வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, தை பிறந்து வெயில் வந்ததும் ஒரு தடவை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எடுத்துப் பாருங்கள். தாளில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் ரப்பரால் அழிக்கவோ ஈரத்துணியால் ஒற்றவோ போகாதீர்கள். என்ன தாள், என்ன மை என்று செய்தவருக்குத்தான் தெரியும்; அவருக்கு ஒரு போன் போடுங்கள்.